பெரிய வருத்தம்

நான் ஓய்வு பெற்ற அன்று மதியச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டொக்டர் மதுமிதா என்னைக் கட்டிப் பிடித்து, "ஆன்ட்டி, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார்.

"பனடோல் போட்டிட்டுப் போய்ப் படுங்கோ பிள்ளை" என்றேன் நான்.

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலேசியாவில் பிறந்த எங்கள் நேர்ஸ் ஒருவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அவருக்கும் விளங்கவில்லை. "அது என்ன கதை, எழுதுங்களேன்" என்று அவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் இப்போது குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். "லாப்பில் வேலை" என்றால் எங்கள் ஆட்கள் நான் ரத்தம் எடுப்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே சிட்னியில், கெல்லிவில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் பலூன்களுக்கு நடுவே சட்டைக் கையை மடித்து, தன்னுடைய நரம்பு நல்ல நரம்பா என்று பார்க்கச் சொன்னார். நான் ஊசி குத்துவதில்லை. மற்றவர்கள் குத்தி எடுப்பதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள். அங்கே இருக்கும் செல்கள் சாதுவானவையா, புற்றுநோயா, புற்றுநோய் என்றால் எந்த உறுப்பில் பிறந்தது என்று முதல் பார்வை பார்ப்பது என் வேலை. முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடுவது நோயியல் டொக்டர்.

இதற்காக யாழ்ப்பாணத்தில் ஒரு முறை படித்தேன், கொழும்பில் ஒரு முறை படித்தேன், சிட்னிக்கு வந்து மெரிலேண்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் கைக்குழந்தையோடு அதையே மறுபடியும் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நித்திரை இல்லாத வருடங்கள், அவ்வளவுதான்.

கணையம் என்ற உறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிப் புத்தகத்தில் அதற்குச் சதையி என்று பெயர். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டியபடி ஒளிந்திருக்கும். முன்பெல்லாம் அதில் ஒரு கட்டி என்றால் வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். இப்போது வாய் வழியாக ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதன் நுனியில் கமராவும் உண்டு, ஸ்கான் கருவியும் உண்டு. இரைப்பைக்குள் நின்றுகொண்டே அதன் சுவருக்கு அப்பால் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்து, அந்தக் குழாய்க்குள்ளாலேயே நீண்ட ஊசியொன்றை விட்டு ஒரு துளி எடுப்பார்கள். வெளியே ஒரு கீறலும் இருக்காது. நோயாளி பின்னேரமே வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்தத் துளி என் கைக்கு வரும். தள்ளுவண்டியில் மைக்ரோஸ்கோப்பையும் சாயக் கிண்ணங்களையும் ஏற்றிக்கொண்டு அந்த அறைக்கே போய் நிற்பேன். துளியில் ஒரு பொட்டைத் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டால் மெல்ல இழுத்துப் பரப்ப வேண்டும். அழுத்தினால் செல்கள் நசிந்துவிடும், தயங்கினால் உறைந்துவிடும். பிறகு காற்றில் காயவிட்டு, சிவப்புச் சாயம், நீலச் சாயம், தண்ணீர். மிச்சத் துளி முழுவதும் வேறு குப்பிக்குள் போகும். பின்னால் செய்யும் விசேஷச் சோதனைகளுக்கு அதுதான் மூலதனம். நோயாளி மயக்க மருந்தில் கிடக்க, டொக்டர் குழாயைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எடுத்தது போதுமா, இன்னும் வேண்டுமா?

அந்த அறையில் போதும், போதாது என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதையும் சொல்லக்கூடாது என்பது என் மேலதிகாரியான நோயியல் டொக்டர் ஹெலனின் சட்டம். மயங்கிக் கிடப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பார். புற்றுநோய் என்ற சொல்லை அவர் அங்கே ஒருநாளும் உச்சரித்ததில்லை. உயரமான பெண்மணி. கோடையிலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தகட்டை நான் நீட்டும்போது நோயாளியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்துவார். முதலில் செல்லைப் பார்க்க வேண்டும், கதை பிறகு. பார்த்து முடித்ததும் என்னிடம், "என்ன நினைக்கிறாய்?" என்பார். நான் சொன்னதும், அது சரியாகவே இருந்தாலும், "சரி, வேறு என்னவாக இருக்கலாம்?" என்பார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப் போய், வீட்டில் கறி தீய்ந்த மணம் வந்தாலும் வேறு என்னவாக இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். கறியைத் தீய விடும் என் கணவருக்கு அதில் கொஞ்சம் ஆதாயம்.

போதும் என்பதற்கு எங்கள் ஊரில் காணும் என்போம். போதாவிட்டால் காணாது. மதுமிதா எங்கள் எண்டோஸ்கோப்பிப் பிரிவுக்குப் பயிற்சி டொக்டராக வந்த புதிதில், தமிழ்ப் பெண் என்ற சந்தோஷத்தில் நான் அவரிடம் "காணாது" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் கோயம்புத்தூர்ப் பெண். "எது காணோம் ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே தள்ளுவண்டிக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கிழமையே பனடோல் கதையும் நடந்தது. பரீட்சையில் அவருக்குப் புள்ளி குறைந்துவிட்டது. இருண்ட முகத்தோடு வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு ஆன்ட்டி" என்றார். எங்கள் தமிழில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வருத்தம், சலரோகம் வருத்தம், எல்லாமே வருத்தம். நான் பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, பனடோலும் தண்ணீரும் கொடுத்து, "வேலைக்கு வந்திருக்கக்கூடாது, வீட்டை போய்ப் படுங்கோ" என்று விரட்டினேன். அவரும் நான் ஏதோ அன்பில் செய்கிறேன் என்று மாத்திரையை விழுங்கிவிட்டார். பரீட்சைத் தோல்விக்குப் பனடோல் குடித்த டொக்டர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இனிச் சொல்லப்போகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். புவனேஸ்வரி அன்ரி, அவருடைய கணவர் சிவபாதம் அங்கிள். மெரிலேண்ட்ஸ்காரர்கள். எழுதட்டுமா என்று அன்ரியிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கோ, ஆனா வாழைத்தண்டை விட்டிடாதேங்கோ" என்றார். விடமாட்டேன்.

வயிற்று நோவுக்கு ஸ்கான் எடுத்த இடத்தில் அன்ரிக்குக் கணையத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு எடுக்கும் நாளன்று காலையில் நான் தள்ளுவண்டியோடு போகும்போது இருவரும் நடைவழிக் கதிரைகளில் இருந்தார்கள். என் பெயர் அட்டையைப் பார்த்ததும் அன்ரி, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை. பயத்தை முகத்தில் காட்டாமல் சாமான் சட்டிகளைப் பற்றியே பேசினார். அங்கிளின் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"தேத்தண்ணியோ அங்கிள்?" என்றேன். "சோதனை முடியும்வரை அன்ரி ஒண்டும் குடிக்கக்கூடாது, தெரியுந்தானே?"

"தேத்தண்ணியும் இல்லை ஒண்டும் இல்லை" என்றார் அன்ரி. "வாழைத்தண்டுச் சாறு. முந்திக் கல்லுக்கு எண்டு எனக்கு ஒரு கிட்னியை எடுத்தவை. அண்டையில இருந்து இவரின்ரை அரியண்டம். தக்காளி கூடாது, கீரை கூடாது. கிழமைக்குக் கிழமை கடை கடையாத் தேடி வாழைத்தண்டு வாங்கி வந்து தானே இடிச்சுப் பிழியுறார். தானும் குடிக்கிறார், பாவம். அவருக்குக் கல்லும் இல்லை."

அங்கிள் சிரிக்கவில்லை. பிளாஸ்கின் மூடியை இறுக்கினார்.

உள்ளே, மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கதையை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வது வழக்கம். மதுமிதா ஆங்கிலத்தில் சொன்னார்: பல வருடங்களுக்கு முன் சென்னையில் கல்லுக்காக ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்டது, அந்தச் சமயத்தில் நோயாளிக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது, வேறு பெரிய நோய் எதுவும் இல்லை. நானும் கேட்டுக்கொண்டு சாயக் கிண்ணங்களைத் திறந்தேன். சிறுநீரகத்தை இழந்தவர் சோர்ந்து போவது நியாயம்தானே.

முதல் துளி ஒரே ரத்தம். இரண்டாவதும் அப்படியே. பரப்பிச் சாயம் போட்டுப் பார்த்தேன். வழக்கமாகக் கணையத்தில் பிறக்கும் புற்றுநோயை நான் நூற்றுக்கணக்கில் பார்த்தவள்; நெருக்கியடித்துக்கொண்டு முரட்டுத்தனமாக நிற்கும். இவை அப்படி இல்லை. சவர்க்கார நுரை போல வெளிறிய உடம்போடு, மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. அதுவும் கொஞ்சம்தான். ஹெலனைக் கூப்பிட்டேன்.

வந்தார். குனிந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கையை உயர்த்தினார். பிறகு என்னை அறையின் மூலைக்குக் கூட்டிப்போய், தாழ்ந்த குரலில், "என்ன நினைக்கிறாய்?" என்றார்.

"கதையை விட்டுவிட்டுப் பார்த்தால் சிறுநீரகம்" என்றேன். "ஆனால் அது கல்லுக்காக எடுத்தது."

"வேறு என்னவாக இருக்கலாம்?"

கணையத்திலேயே பிறக்கும் இன்னொரு வகைக் கட்டியும் சில நேரம் இப்படி வேஷம் போடும். அதையும் சொன்னேன். ஹெலன் தலையாட்டினார்.

இதில் என்ன சிக்கல் என்று சொல்கிறேன். கணையத்தில் பிறந்த வழக்கமான புற்றுநோய் என்றால் டொக்டர்மார் அநேகமாக மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். சிறுநீரகத்தில் பிறந்து, பல வருடம் எங்கோ உறங்கிக் கிடந்து, பிறகு கணையத்தில் வந்து குடியேறியது என்றால் அது அபூர்வம். ஆனால் வருடக் கணக்கில் பேசலாம். மருந்தே வேறு. எது என்று நிரூபிக்க விசேஷச் சோதனைகள் வேண்டும். ஒவ்வொரு சோதனையும் அந்தத் துளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எங்களிடம் இருந்ததோ ரத்தத்துக்குள் சிதறிய சில செல்கள். குழாயைப் பிடித்து ஊசி போட்ட மூத்த டொக்டருக்கு இன்னொரு முறை குத்த மனமில்லை; கட்டி ரத்தம் கசிகிறது, காரணம் இல்லாமல் குத்தமாட்டேன் என்றார். அதுவும் சரிதான். அன்ரி இடது பக்கம் சரிந்தபடி, வாயில் குழாயோடு கிடந்தார். காலையில் என்னைப் பிடித்த கை கட்டிலின் ஓரத்தில் தொங்கியது.

ஹெலன் மதுமிதாவிடம், கல் என்று யார் சொன்னது என்று கேட்டார். நோயாளியே சொன்னதாக மதுமிதா சொன்னார். கணவரிடமும் கேட்டாராம், அன்ரியை அருகே வைத்துக்கொண்டு. அவர் அந்த மனச்சோர்வைப் பற்றி மட்டும்தான் சொன்னாராம்.

எனக்குக் காதில் ஏதோ குறுகுறுத்தது. எங்கள் ஊர் ஆண் ஒருவர், அந்த வயதில், மனைவியின் மனச்சோர்வைப் பற்றித் தானாகவே டொக்டரிடம் சொல்வாரா? என் அப்பா சொல்லியிருப்பாரா?

"அவர் தமிழில என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ" என்றேன்.

மதுமிதா யோசித்தார். "'அப்ப அவவுக்குப் பெரிய வருத்தம்'னு சொன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. நானும் பாவமேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "ஐயோ. பனடோல்."

"ஓம் பிள்ளை" என்றேன். "பனடோல்."

எங்கள் ஆட்கள் புற்றுநோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். பெரிய வருத்தம் என்பார்கள். அங்கிள் மனைவியை அருகே வைத்துக்கொண்டு, தன்னால் சொல்ல முடிந்த அளவுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். எதிரே இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு விளங்கும் என்று நம்பியிருக்கிறார்.

இருவரும் நடைவழிக்கு ஓடினோம். மதுமிதாதான் கேட்டார். அங்கிள் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு பிளாஸ்கைப் பார்த்தார், பிறகு கொட்டினார். மகளின் கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போன இடத்தில் அன்ரிக்கு மூத்திரத்தோடு ரத்தம் போயிருக்கிறது. அங்கேயே ஒப்பரேசன். சிறுநீரகத்தில் கான்சர் என்று டொக்டர் இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"கலியாணம் முடியட்டும், சொல்லுவம் எண்டு கல்லு எண்டனான்" என்றார். "கலியாணமும் முடிஞ்சுது. பிறகு அவ நல்லா இருந்தா. நல்லா இருக்கிற மனுசிட்டை என்னெண்டு சொல்லுறது? இப்ப அந்தக் கலியாணத்துப் பேரன் கார் ஓடப் பழகுறான்." என் கையைப் பிடித்தார். "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை."

திரும்பி வந்து ஹெலனிடம் சொன்னோம். அவர் ஊசி போட்ட டொக்டரைப் பார்த்து, "இன்னும் ஒன்று, தயவுசெய்து" என்றார். இப்போது காரணம் இருந்தது. அவர் சற்றுத் தடித்த வேறு ஊசியை எடுத்து, திரையில் ரத்தக் குழாய்களை விலக்கி விலக்கி, ஒரே ஒரு முறை குத்தினார். குப்பிக்குள் ஒரு மெல்லிய புழுப் போலத் திசு விழுந்தது. நான் தகட்டைப் பார்த்தேன். நுரை நுரையாக, வேண்டிய மட்டும்.

"காணும்" என்றேன். தமிழில் சொன்னேன் என்பதே பிறகுதான் தெரிந்தது. அறையில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

சோதனைகள் சிறுநீரகம் என்றே சொன்னன. அன்ரிக்கு அதற்குரிய வைத்தியம் நடந்தது, இன்றும் நடக்கிறது, அவரும் நடக்கிறார். போன மாதம் கடைத்தெருவில் என்னை முந்திக்கொண்டு போனார். ஆனால் நான் சொல்ல வந்தது முடிவு சொன்ன நாளைப் பற்றி.

நோயாளியிடம் மறைத்து வைத்தியம் செய்ய இங்கே வழியில்லை என்று மதுமிதா அங்கிளிடம் முன்கூட்டியே தனியாக விளக்கியிருந்தார். "நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டா அவங்களுக்கு நல்லா இருக்கும் அங்கிள்" என்றாராம். அங்கிள் ஒரு நிபந்தனை போட்டார்: ஊர்ப் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் லாப்பில் இருக்க வேண்டிய நான் அன்றைக்கு அன்ரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தமிழ் தெரிந்திருந்தும் மதுமிதா தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வைத்திருந்தார். அதுவும் இலங்கைத் தமிழராக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்.

அங்கிள் தொடங்கினார். "புவனம், நான் உமக்கு ஒரு பொய் சொல்லிப் போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னார். சென்னை, சேலை, ஒப்பரேசன், டொக்டர், பெரிய வருத்தம். பிறகு முதல் தடவையாக அதன் பெயரையும் சொன்னார். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளருக்குக் குரல் தடுமாறியது. நான் அன்ரியின் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன்.

"அப்ப கல்லு?" என்றார் அன்ரி.

"கல்லு இல்லை."

"ஒரு கல்லும்?"

"ஒண்டும் இல்லை."

"இஞ்சருங்கோ, அப்ப தக்காளி?"

அங்கிள் அழுதுகொண்டிருந்தார்.

"இத்தினை வருசம் ஒரு தக்காளிச் சொதி வைக்க விடேல்லையே மனுசன்" என்று அன்ரி என்னிடம் முறையிட்டார். "ஆரின்ரையேன் வீட்டை சாப்பிடப் போனாலும் தக்காளித் துண்டைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துப் போடுவார். எல்லாம் நடிப்போ? அந்த வாழைத்தண்டுக் கச்சலையும் எனக்கு நடிப்புக்கோ பருக்கினவர்?"

"அப்பிடி இல்லை" என்றார் அங்கிள் கண்ணைத் துடைக்காமல். "எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை, புவனம். சும்மா இருக்க ஏலாமல் கிடந்தது. ஏதாவது இடிச்சுப் பிழிஞ்சு தரவேணும் போல இருந்தது."

மதுமிதா மேசையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவித் தன் கண்ணை ஒற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்று தந்தார்.

அன்ரிக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயமும் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. பிறகு கையை நீட்டினார். நான் என் கைக்கு என்று நினைத்து நீட்டினேன். அவர் நீட்டியது அங்கிளின் மடியில் இருந்த பிளாஸ்குக்கு.

"தாங்கோ" என்றார். "இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்திட்டியள்."

அங்கிள் மூடியைத் திறந்து அதிலேயே ஊற்றிக் கொடுத்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. ஒரு கல்லும் இல்லாத புவனேஸ்வரி அன்ரி அந்தத் துவர்க்கும் கச்சல் சாற்றை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"உப்புக் காணாது" என்றார்.